தூத்துக்குடியில் சர்க்கரைக்காரர்களை எண்ணப் போனேன்

சர்க்கரை நோய்க்காரன் ஒருவன் மக்ரூனுக்குப் பேர்போன ஊருக்குப் போகலாமா என்று என் மனைவி கேட்டாள். எண்ணத்தான் போகிறேன், தின்னப் போகவில்லை என்றேன். அவள் நம்பவில்லை. மாத்திரைகளை மூன்று டப்பாக்களில் பிரித்து வைத்தாள். ஒன்று தொலைந்தால் இன்னொன்று, அதுவும் தொலைந்தால் மற்றொன்று. என்னுடன் இத்தனை வருடம் வாழ்ந்ததில் என் கவலை அவளுக்கும் தொற்றிவிட்டது.

நான் மலேசியாவில், ஈப்போ நகரத்துப் புள்ளிவிவர இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எத்தனை வீட்டில் தண்ணீர்க் குழாய், எத்தனை வீட்டில் சைக்கிள் என்று எண்ணிச் சம்பளம் வாங்கியவனால் ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்க முடிவதில்லை. விமானத்தில் எனக்கு முன்னால் தெரிந்த வழுக்கைத் தலைகளை எண்ணினேன். பதினொன்று. திரும்பிப் பார்த்து எண்ணுவது மரியாதை இல்லை என்பதால் அந்தக் கணக்கு அரைகுறையாகவே நிற்கிறது.

என்னை வரச் சொன்னவள் கோமதி. என் சித்தப்பா மகளின் மகள். தாத்தா காலத்தில் எங்கள் குடும்பம் கப்பலேறியது. சித்தப்பா வீட்டார் மட்டும் ஸ்ரீவைகுண்டத்தில் வயலோடு இருந்துவிட்டார்கள். கோமதி தூத்துக்குடியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டர். ஒரு டிரஸ்ட் இங்கே ஓர் அறையும் ஒரு நர்ஸும் தருகிறது. சர்க்கரையால் காலில் புண் வந்தவர்களுக்குச் சுத்தம் செய்து கட்டுப்போடும் அறை. கேட்பது இரண்டு இடம். ஒன்று, தொழிற்சாலை ஆட்கள் குடியிருக்கும் முத்தையாபுரம். மற்றது, பழைய துறைமுகத்தை ஒட்டிய மீனவர் தெருக்கள். நூற்றுக்கு எத்தனை பேருக்குச் சர்க்கரை என்று இரண்டு இடத்திலும் எண்ண வேண்டும். எங்கே அதிகமோ அங்கே அறை. முத்தையாபுரத்தில் எண்ணி முடித்துவிட்டார்கள். மீனவர் தெருக்களில் கோமதி எண்ணுகிறாள். "ரெண்டு பக்கமும் எனக்கு வேண்டியவங்க மாமா. எந்தப் பக்கமும் சேராத ஆள் ஒருத்தர் பக்கத்துல உக்காந்து பாக்கணும். உங்களவிட சந்தேகப்படுற ஆளு எனக்குத் தெரியாது" என்று போனில் சொன்னாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இரண்டு துறைமுகங்கள் உண்டு. அதை வெளியாளிடம் சொல்வதில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மீனவர் சங்கக் கட்டடத்துக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கோமதி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். ஆட்டோக்காரரிடம் துறைமுகம் என்றேன். அவர் ஊரைவிட்டே வெளியே போனார். இரண்டு பக்கமும் உப்பளம். ஓலை போர்த்திய உப்புக் குவியல்களை இருபத்தேழு வரை எண்ணியிருந்தேன். அதற்குள் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக வந்து மறைத்துக்கொண்டன. கடைசியில் ஒரு பெரிய வாசல். துப்பாக்கி வைத்திருந்த காவலர் எந்தக் கப்பல் என்று கேட்டார். மீனவர் சங்கம் என்றேன். அவர் ஆட்டோக்காரரைப் பார்த்தார், ஆட்டோக்காரர் என்னைப் பார்த்தார். பழைய துறைமுகம் என்று சொல்லியிருக்க வேண்டுமாம். இது புதுசாம். எப்போது கட்டியது என்று ஆட்டோக்காரரிடம் கேட்டேன். அவர் பிறப்பதற்கு முன்பே கட்டியதாம். எங்கள் ஊரிலும் நரைத்துப்போன "புது" மார்க்கெட் ஒன்று இருப்பதால் மேற்கொண்டு வாதாடவில்லை.

வந்த வழியே திரும்பி, சங்கக் கட்டடத்துக்கு முன்னால் இருந்த டீக்கடையில் இறங்கினேன். ஈப்போவில் சீனி இல்லாத தேநீர் வேண்டுமென்றால் "கோசோங்" என்று ஒரு சொல் போதும். காலி என்று பொருள். கடைக்காரர் நம் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். இங்கே சீனி இல்லாமல் என்றதும் டீ மாஸ்டர் கையை அந்தரத்தில் நிறுத்தினார்.

"சுகரா அண்ணாச்சி?"

தெருவுக்கே கேட்டது. எவ்வளவு இருக்கிறது என்று பக்கத்தில் நின்றவர் விசாரித்தார். எங்கள் ஊரில் மனைவியிடம்கூட மெதுவாகச் சொல்கிற எண்ணை அங்கே எட்டுப் பேருக்கு நடுவில் சொன்னேன். அவர் என்னை இரக்கத்துடன் பார்த்து, அதெல்லாம் ஒன்றுமில்லை, தனக்கு முந்நூற்று எண்பது என்றார். இன்னொருவருக்கு அது போதவில்லை. "எங்க மச்சானுக்கு மிஷினே நம்பர் காட்டல. 'ஹை'ன்னு மட்டும் வருது" என்றார். மச்சான் மாநிலத்தில் முதலாவதாக வந்துவிட்ட மாதிரி இருந்தது அவர் சொன்ன விதம்.

நின்றவர்கள் எட்டுப் பேர். சர்க்கரை இருப்பவர்கள் ஆறு. அன்று சாயங்காலம் கோமதியிடம் இதை என் முதல் மதிப்பீடு என்று கொடுத்தேன். அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தோசை கீழே விழுந்தது.

"சுகரான்னு கேட்டதும் இல்லாதவன் டீயக் குடிச்சிட்டுப் போயிருப்பான் மாமா. இருக்கிறவன்தான் நின்னு பேசுவான். இத்தன வருஷமா என்னத்த எண்ணுனீங்க?"

சரிதான். கூப்பிட்டால் வருகிறவர்களை எண்ணினால் நோயாளிகள்தான் வருவார்கள். அதனால்தான் அவள் தெருக்களில் குலுக்கல் முறையில் வீடுகளை எடுத்திருந்தாள். எடுத்த வீட்டில் மறுபடி குலுக்கி வயது வந்த ஒருவரை எடுத்து, அவர் பெயரை எழுதி ஒரு சீட்டுக் கொடுத்திருந்தாள். பெயர் வந்தவர் அந்தச் சீட்டோடு காலையில் வெறும் வயிற்றில் சங்கக் கட்டடத்துக்கு வர வேண்டும். விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், முடிந்தது. பெயர் வந்தவர்தான் வர வேண்டும். கணக்கின் உயிரே அதில்தான் இருக்கிறது.

குத்துகிறவர் செல்வி என்ற நர்ஸ். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். வீடு முத்தையாபுரம், தினமும் அங்கிருந்து பஸ்ஸில் வருகிறார். அறை எங்கே வந்தாலும் அதற்கு நர்ஸ் அவர்தான். அறை முத்தையாபுரத்துக்குப் போனால் நடந்தே வேலைக்குப் போகலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். ஆனாலும் எண்ணும் வேலை முடிந்த பிறகு தினமும் சங்கக் கட்டடத்து வராந்தாவிலேயே உட்கார்ந்து, புண்ணோடு வரும் தெருக்காரர்களுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தார். அதற்கு அவருக்கு யாரும் சம்பளம் தரவில்லை.

கட்டுக்கு முதலில் வந்து உட்காருகிறவர் சூசை. ஒரு காலத்தில் சங்கு குளித்தவர். பிறகு வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவர். இப்போது இடது காலில் இரண்டாவது விரல் இல்லை. உள்ளங்காலில் ஆறாத புண். சங்கக் கட்டடத்துக்கு நேர் எதிர் வீடு. மனைவி லூர்தம்மாள் மீன் விற்கிறவர். புண்ணை விடாமல் சுத்தம் செய்யாவிட்டால் பாதத்தையே எடுக்க வேண்டிவரும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்பதெல்லாம் லூர்தம்மாளுக்கு எனக்கு முன்பே தெரிந்திருந்தது. முதல் நாளே என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"அறை இங்கனதான் வரணும் ஐயா. முத்தையாபுரம்னா ரெண்டு பஸ்ஸு மாறணும். இவுக முதத் தடவ போவாக, ரெண்டாந்தடவ போவாக. மூணாந்தடவ நாளைக்குப் பாப்போம்பாக. அப்புறம் கால வெட்டத்தான் போவணும்."

எண்ணுவது மட்டும்தான் என் வேலை என்றேன். அப்படியானால் நன்றாக எண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு மீன் கூடையை எடுத்துக்கொண்டார்.

வராந்தாவில் மேசை போட்டு உட்கார்ந்தேன். வருகிறவர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். சாப்பிட்டீர்களா, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா. எளிய கேள்விகள் என்றுதான் நினைத்தேன். ஒருவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று அடித்துச் சொன்னார். உதட்டோரத்தில் இருந்த கறையைக் காட்டினேன். கடுங்காப்பி என்றார். கடுங்காப்பி இங்கே சாப்பாட்டில் சேராது என்பது அப்போதுதான் தெரிந்தது. அதில் என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். கருப்பட்டி என்றார். கருப்பட்டி இங்கே சர்க்கரையில் சேராது என்பது அதற்கு அடுத்து தெரிந்தது. அது மருந்தாம், உடம்புக்குக் குளிர்ச்சியாம். செல்வி என் காதோரம் குனிந்து, இதைப் பேசிப் பேசித் தன் தொண்டை போனதுதான் மிச்சம் என்றார். கடுங்காப்பிக்காரரை மறுநாள் வரச் சொன்னோம்.

இன்னோர் அம்மாள் தனக்குச் சர்க்கரையே கிடையாது என்றார். முன்பு இருந்ததாம், போய்விட்டதாம். மாத்திரை மட்டும் தினமும் இரண்டு போடுகிறாராம். மாத்திரையால்தானே குறைந்திருக்கிறது, அதனால் நீங்களும் எங்கள் கணக்கில் சேர்த்தி என்று பக்குவமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், போன நோயைத் திரும்ப அழைத்து வருகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று செல்வியிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார். எங்கள் ஈப்போவில் இந்த நோய்க்கு இனிப்பு நீர் என்று பெயர். பெயர்தான் வேறு. அங்கேயும் அது போய்விட்டது என்று சொல்கிறவர்கள் நிறைய உண்டு. என் அண்ணனுக்கு மட்டும் நான்கு முறை போயிருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மனைவிக்குச் சந்தேகம் வரும். எண்ணெயில் பொரித்த பரோட்டா இரண்டு தின்றேன். கோமதி என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததால் மூன்றாவதைக் கேட்கவில்லை. மக்ரூன் தொடுவதில்லை என்று வைத்திருந்த உறுதி, லூர்தம்மாள் ஒரு தட்டைக் கொண்டுவந்து நீட்டும்வரை நின்றது. வெறும் முந்திரியும் முட்டையின் வெள்ளைக்கருவும்தான் என்றார். சீனியை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டால் சொல்லியிருப்பேன் என்றார். வாயில் வைத்ததும் கரைந்து ஒன்றுமில்லாமல் போனது. ஒன்றுமில்லாததை எப்படி எண்ணுவது என்று இன்னொன்றையும் எடுத்தேன்.

கணக்கு ஏறிக்கொண்டே போனது. அதுதான் என்னை உறுத்தியது. சீட்டோடு வந்தவர்களில் பாதிப்பேருக்குச் சர்க்கரை என்று வந்துகொண்டிருந்தது. முத்தையாபுரத்துக் கணக்கு இதன் பக்கத்திலேயே வரவில்லை. மீன் விற்று முடித்து மத்தியானம் திரும்பும் லூர்தம்மாள், கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது போல நின்று கேட்டுவிட்டுப் போவார். சொன்னதும் முகம் மலரும். எனக்குத் தூக்கம் வரவில்லை. மீனவர் தெருவில் எண்ணுகிறோம். ஆனால் என் மேசைக்கு வருகிற ஆண்களில் கடலில் காய்ந்த முகம் ஒன்றையும் காணோம். எல்லாரும் மெதுவாக நடந்து வந்தார்கள். தம் பெயரைச் சொல்லும் முன் சிலர் சீட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள்.

எழுதும்போது நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கண் தானாகக் கீழே போகும். ஒருநாள் காலை என் மேசைக்கு அடியில் ஓர் இடது கால் தெரிந்தது. உள்ளங்காலில் கட்டு. விரல்களை எண்ணினேன். நான்கு. சீட்டில் இருந்த பெயர் மிக்கேல். நிமிர்ந்தேன். சூசை இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

நேற்று முன்தினம் உங்கள் பெயருக்கு வந்துவிட்டீர்களே என்றேன்.

"ஆமா ஐயா, அது எம் பேருக்கு. இது மிக்கேலு பேருக்கு. எம் மச்சினன். அவன் தங்கலுக்குப் போயிருக்கான், கடல்லயே நாலஞ்சு நாள் கெடப்பான். அதான் அவனுக்கு நான் வந்தேன்."

இது மிக்கேலின் ரத்தத்தைப் பார்க்கும் சோதனை, உங்கள் ரத்தத்தை வைத்து நான் என்ன செய்வது என்றேன். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. என்னிடம் ஏதோ கோளாறு என்று நினைத்துக் கொஞ்சம் நிதானமாகச் சொன்னார்.

"அவனுக்குக் காச்சல்னா நான் அவன் பேருக்குக் கடலுக்கே போயிருக்கேன். பங்கு அவன் வீட்டுக்குத்தான் போவும். கடலுக்கே போன நான் ஒரு சொட்டு ரத்தம் தரமாட்டனா?"

செல்வியைப் பார்த்தேன். தினமும் அந்தக் காலுக்குக் கட்டுப்போடுகிறவர். அவர் பஞ்சை மடித்துக்கொண்டே இருந்தார். தெரியும் என்றார். வீட்டுக்கு ஒரு ஆள்தானே கேட்டோம், ஒரு ஆள் வந்தார்கள். யாரும் வராமல் போனால் அந்த வீட்டுப் பெயர் விட்டுப்போகுமே என்று பேசாமல் இருந்தாராம். சொந்த ஊருக்கு அறை கிடைக்காமல் போகிற காரியத்தை அவர் இவ்வளவு நல்ல மனதோடு செய்திருக்கிறார் என்பதால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

விசாரித்தால், தெருவே அப்படித்தான் செய்திருந்தது. வள்ளத்தில் ஓர் ஆள் குறைந்தால் அந்த வீட்டிலிருந்தோ உறவிலிருந்தோ ஒருவர் அவர் பெயருக்கு ஏறிவிட வேண்டும். இடம் காலியாக இருப்பது வீட்டுக்குக் குறைச்சல். எங்கள் சீட்டையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். பெண்கள் தங்கள் பெயருக்குத் தாங்களே வந்தார்கள். ஆண்கள் கடலில். அவர்கள் பெயருக்கு, கரையில் இருந்தவர்கள் வந்தார்கள். கரையில் இருக்கிற ஆண்கள் யார்? கால் புண்ணாலும் கண் மங்கியதாலும் கடலுக்குப் போக முடியாதவர்கள். அதாவது, பெரும்பாலும் சர்க்கரைக்காரர்கள். தன் பெயருக்கும், நான் நிமிராமல் எழுதிய வேறு இருவர் பெயருக்குமாகச் சூசை ஒருவரே மூன்று பேராக என் கணக்கில் இருந்தார். மூன்று பேருக்கும் சர்க்கரை.

அன்று ராத்திரி கோமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொய் யாரும் சொல்லவில்லை மாமா என்றாள். உண்மையாக வந்தவர்களை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டாள். பதிலும் அவளே சொல்லிக்கொண்டாள். அப்போதும் கரையில் இருப்பவர்கள்தான் கணக்கில் இருப்பார்கள். இந்தக் கணக்கை இப்படியே கொடுத்தால் அறை மீனவர் தெருவுக்கு நிச்சயம். யாருக்கும் தெரியப்போவதில்லை. டிரஸ்ட் கூட்டத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. "எனக்குத் தெரியும்ல" என்று கடைசியில் சொல்லிவிட்டு எழுந்தாள். எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற எனக்கு அவளைப் பற்றி அதுவரை ஒரு சந்தேகமும் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் லூர்தம்மாளிடம் நான்தான் சொன்னேன். மாற்று ஆட்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, பெயர் வந்தவர்களையே மறுபடி குத்த வேண்டும் என்றேன். அவர் கூடையை இறக்கி வைத்தார். எண்ணியாகிவிட்டதே, எண்ணியதை எதற்கு மறுபடி எண்ணுவது என்று கேட்டார். கொஞ்ச நேரம் கெஞ்சலும் கொஞ்ச நேரம் ஏச்சுமாகப் போனது. மலேசியாவிலிருந்து ஆள் வந்துதான் எங்கள் வீட்டுக்காரர் காலைக் கெடுக்க வேண்டுமா என்றும் கேட்டார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"சரி, குத்துங்க. கடலுக்குப் போறவனுக்கு மட்டும் சுகர் இல்லையாக்கும்? ஞாயித்துக்கெழம ஒருத்தனும் கடலுக்குப் போவமாட்டான். முதப் பூசைக்கு நன்ம வாங்குற வரைக்கும் ஒரு மடக்கு கடுங்காப்பி குடிக்க மாட்டான். கோயில் வாசல்ல வந்து உக்காந்து எல்லாவனையும் குத்துங்க. அப்பத் தெரியும்."

சர்ச்சில் பூசையின்போது அப்பம் வாங்குவதைத்தான் நன்மை வாங்குவது என்கிறார்கள். பழைய வழக்கப்படி அதுவரை வெறும் வயிறு. உலகத்தில் எத்தனையோ இடத்தில் ஆட்களை வெறும் வயிற்றோடு வரவழைக்க என் போன்றவர்கள் படாத பாடு பட்டிருக்கிறோம். இங்கே ஒரு தெருவே வாரம் தவறாமல் வெறும் வயிற்றோடு ஓரிடத்தில் கூடுகிறது. எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிறு விடியலில் கோயில் வாசலில் மேசை போட்டோம். பெயர் வந்தவர்கள் வெள்ளைச் சட்டையில் வந்தார்கள், கடலில் காய்ந்த முகங்கள். பெயரைச் சொல்ல யாரும் சீட்டைக் குனிந்து பார்க்கவில்லை. கயிறு இழுத்துக் காய்த்துப்போன விரல்களில் ஊசி இறங்கவில்லை. செல்வி சுண்டு விரலின் ஓரத்தைத் தேடித் தேடிக் குத்தினார். ஒருவர் கையை இழுத்துக்கொண்டபோது பின்னால் நின்றவர், கெளுத்தி முள் குத்தினால் பேசாமல் வருகிறவன் இதற்கு நெளிகிறானே என்றார். வரிசை முழுவதும் சிரித்தது.

லூர்தம்மாள் மேசைக்குப் பக்கத்திலேயே நின்று, மீன் ஏலத்தைக் கவனிப்பது போல ஒவ்வோர் எண்ணையும் கவனித்தார். கூடுதலாக வந்தால் என்னைப் பார்ப்பார். குறைவாக வந்தால் முகம் சுருங்கும். மிக்கேலுக்குக் குறைவாக வந்தது. "நல்லாத்தாம்லே இருக்க, போ" என்றார் கடுப்பாக. கூடப் பிறந்த தம்பி ஆரோக்கியமாக இருப்பதற்கு இப்படி ஏச்சு வாங்கியவர் வேறு யாரும் இருக்க முடியாது.

முப்பது வயதுகூட ஆகாத ஒருவர் வந்தார். தேக்கு மாதிரி உடம்பு. மிஷினில் வந்த எண்ணைச் செல்வி எனக்கு மெதுவாகச் சொன்னார். அதிகம், மிக அதிகம். நம் பக்கம் ஒன்று கூடியது என்று ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் எதிரே இருந்த முகத்தைப் பார்த்தேன். அவர் இன்னொரு முறை குத்தச் சொன்னார். இரண்டாவது முறையும் அதேதான். லூர்தம்மாளும் அதைக் கேட்டார். அவர் முகம் மலரவில்லை. பூசை முடிந்ததும் நேராக டாக்டரம்மாவைப் பார் என்று அவர் தோளைத் தொட்டுச் சொல்லி உள்ளே அனுப்பினார். அதற்குப் பிறகு மேசைக்குப் பக்கத்தில் நிற்கவில்லை.

கணக்கைப் பலமுறை போட்டேன். முத்தையாபுரத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே வந்தது. இவ்வளவு சிறிய வித்தியாசம் இன்னொரு முறை குலுக்கினால் தலைகீழாகவும் வரலாம், ஆகவே இதை வித்தியாசம் என்றே எடுக்கக்கூடாது என்று அறிக்கையில் எழுதினேன். இரண்டு பத்தி எழுதினேன். டிரஸ்ட் கூட்டத்தில் அந்தப் பத்திகளை யாரும் படிக்கவில்லை. எந்த எண் பெரியது என்று மட்டும் பார்த்தார்கள். எங்கள் இலாகாவிலும் மேலிடம் அப்படித்தான் படிக்கும்; அந்த வகையில் சொந்த ஊரில் இருப்பது போல இருந்தது. வாரத்தில் ஒருநாளாவது செல்வியை மீனவர் தெருவுக்கு அனுப்பக் கோமதி கேட்டுப் பார்த்தாள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்களாம்.

சூசையிடம் சொல்லப் போனேன். வாசலில் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அறை முத்தையாபுரத்துக்குப் போய்விட்டது, நாளைக்கே திறக்கிறார்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். உங்கள் தெருவில் சர்க்கரை குறைவாக வந்தது என்றேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப எங்க ஆளுவளுக்கு சுகர் கம்மின்னு அர்த்தமா?"

ஆமாம் என்றேன். அவர் முகத்தில் வந்த பெருமையை நான் எதிர்பார்க்கவில்லை. இத்தனை நாளும் அந்த எண் இறங்குவது கெட்ட செய்தி என்றே பழகிப்போயிருந்தேன். அவர் உள்ளே திரும்பிக் கூப்பிட்டார்.

"ஏளா, கேட்டியா? நம்ம ஆளுவளுக்கு சுகர் கம்மியாம்."

லூர்தம்மாள் வாசலுக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. கணவரின் காலைப் பார்த்தார்.

"ஒங்க கால்ல கொறஞ்சிருக்கா?"

சூசை காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.  ஒரு தெருவின் கணக்கில் ஒரு காலைத் தேடினால் கிடைக்காது என்பது என் தொழிலின் முதல் பாடம். அதை அந்த அம்மாளிடம் சொல்ல வாய் வரவில்லை. நாளைக்கு எத்தனை மணிக்கு அறை திறப்பார்கள் என்று மட்டும் கேட்டார். மீன் வியாபாரத்தை விட்டுவிட்டு அவரே கூட்டிப் போவதாகச் சொன்னார். நானும் வருகிறேன் என்றேன்.

முதல் பஸ்ஸில் இடம் கிடைத்தது. இரண்டாவதில் கிடைக்கவில்லை. கண்டக்டர் சூசையின் காலைப் பார்த்துவிட்டு, யாரையும் கேட்காமல் காலேஜ் பையன் ஒருவனின் பையைத் தூக்கி அவன் கையில் திணித்து, அவனையும் எழுப்பிவிட்டார். ஈப்போவில் இப்படிச் செய்தால் புகார் எழுதுவார்கள். இங்கே பையன் புகார் எழுதாமல் சூசையின் துணிப்பையை வாங்கி வைத்துக்கொண்டான்.

முத்தையாபுரத்தில் இறங்கினோம். அறை ரோட்டுக்கு அந்தப் பக்கம். வாசலில் செல்வி நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். நடுவில் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள், ஒன்றின் பின்னால் ஒன்று, இடைவெளியே இல்லை. சூசை ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் நான் லாரிகளை எண்ண ஆரம்பித்தேன். பதின்மூன்று வரை வந்திருப்பேன்.

"நீங்க எண்ணி முடிக்கதுக்குள்ள பொழுது சாஞ்சிரும் ஐயா" என்றார் லூர்தம்மாள். ஒரு கையால் கணவரின் முழங்கையைப் பிடித்தார். இன்னொரு கையை, உள்ளங்கை தெரிய, வருகிற லாரிக்கு நேரே நீட்டினார். நீட்டியபடியே ரோட்டில் இறங்கினார்.

பதினான்காவது லாரி நின்றது.